காந்தம் ஒட்டாத வண்டி

என் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. நடுவில் ஓட்டையோடு, சின்ன உளுந்து வடை மாதிரி இருக்கும். திண்டுக்கல்லில் பூட்டுக் கடை வைத்திருப்பவனுக்கு அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பித்தளைப் பூட்டு என்று சொல்லிக் கொண்டுவந்து மேஜையில் பரப்புவார்கள். எல்லாம் மஞ்சளாகத் தகதகக்கும். பூட்டின் உடம்பில் காந்தத்தை வைத்தால் சிலது டப்பென்று பிடித்துக்கொள்ளும். உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல். முப்பது வருடமாக என் வியாபாரம் இந்த ஒரு கணக்கில்தான் நடக்கிறது.

மனிதர்களை சோதிக்கவும் இப்படி ஒரு காந்தம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவேன். வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அப்படி ஒண்ணு கெடைச்சா மொதல்ல உங்க மேலதான் வச்சுப் பாக்கணும்" என்றாள் என் மனைவி. அதற்கப்புறம் வீட்டில் சொல்வதில்லை.

அவள் விவசாயக் குடும்பத்துப் பெண். சிறுமலை அடிவாரத்துக்கு மேலே, சரிவில், அவள் பேரில் மூன்று ஏக்கர் எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. அடிவாரத்து ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏற வேண்டும். ஒரு காலத்தில் அது ஜீப் போகிற பாதை. ஒரு மழைக்காலத்தில் மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போய், கல் மட்டும் மிஞ்சியது. அந்தக் கல்லில் அவள் வாரத்துக்கு மூன்று நாள் ஏறி இறங்கினாள். நான் கடையைத் திறக்கும் நேரத்துக்கு அவள் மேலே போய் முதல் மரத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருப்பாள்.

பிறகு முடக்குவாதம் வந்தது. முழங்கால் இரண்டும் வீங்கி, விரல் கணுக்களும் வீங்கி, ஒரு வருடத்துக்குள் வீட்டுப் படியில் இறங்கவே கைப்பிடிச் சுவர் தேவைப்பட்டது. கடைசியாக அவள் தோட்டத்திலிருந்து இறங்கிய நாளில் இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தோம். தோட்டத்து அறையை நான்தான் பூட்டினேன். என் கடைப் பூட்டு, ஆறு லீவர் பித்தளை. சாவியை அவள் கையில் கொடுத்தேன். இனி இது திறக்கப்போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அதன்பிறகு இரண்டு வருடம் அவள் போனிலேயே விவசாயம் பார்த்தாள். அடிவாரத்து ஊர்க்காரர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறிப்போய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். பழம் பறிக்கும் காலத்தில் காலை பஸ்ஸில் அவர் ஒரு சின்னச் சாக்கு போட்டு அனுப்புவார். இவள் ஒரு பழத்தை நறுக்கி, முகர்ந்து, உடனே போனைப் போடுவாள். "கெழக்கோரத்து மரத்துக்குத் தண்ணி பத்தலையே, தோலு இம்புட்டுக் கனமா இருக்கு" என்பாள். அந்தப் பக்கம் அவர், "ஆமாக்கா, குழாய் ஒடஞ்சிருக்கு" என்று ஒத்துக்கொள்வார்.

எனக்கு அந்தத் தோட்டத்தை விற்றுவிட வேண்டும் என்றிருந்தது. இதை இப்போது சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏற முடியாத நிலம் எதற்கு? பக்கத்து நிலத்தை வாங்கியவர் சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்கு அறைகள் கட்டப்போவதாகச் சொல்லி, எங்கள் நிலத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். மரியாதையான மனிதர். வாரம் ஒரு முறை போன் செய்து, அக்காவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் நிலத்தைப் பற்றிப் பேசுவார். ஆடி கழியட்டும், ஆவணியில் பதிந்துவிடலாம் என்று நான் பாதி வாக்குக் கொடுத்துவிட்டேன். நிலம் அவள் பேரில் இருக்கிறது என்பதை வாக்குக் கொடுத்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

அவளிடம் சொன்னபோது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. முழங்காலில் இருந்த வெந்நீர்ப் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஒரே ஒரு தடவ நான் ஏறிப் பாக்கணும்" என்றாள். "ஏற வழியே இல்லேன்னு ஆயிட்டா நான் கையெழுத்துப் போட்டுறேன். ஏறிட்டேன்னா அதுக்கப்புறம் விக்கிற பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். உடனே சொன்னேன். ஏன் அவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்றால், எந்த வண்டியும் அந்தக் கல்லில் ஏறாது என்று எனக்குத் தெரியும். அடிவாரத்தில் வாடகை ஜீப் ஓட்டுகிறவர்களை ஏற்கெனவே கேட்டிருந்தேன். ஓடைக்கரையில் நின்று மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணே, ஆக்சில் போயிரும்" என்று திரும்பிவிட்டார்கள். தோற்க வழியே இல்லாத பந்தயம் என்று நினைத்துத்தான் நான் கைகொடுத்தேன்.

அவள் அந்த வாரம் முழுக்கக் கட்டிலில் படுத்தபடி போனில் வீடியோ பார்த்தாள். ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஒரு சேற்றில், சதுரமான ஒரு வண்டி ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி வைத்துப் பாறையில் ஏறிக்கொண்டிருக்கும். பார்க்கிறாள், பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டாம் நாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பழைய பிரிட்டிஷ் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும், கீரனூரில் விற்பனைக்கு இருக்கிறது.

"நம்ம பழனிக்கு அங்குட்டு இருக்கிற கீரனூர்தான். பேசிட்டேன். நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

மறுநாள் வாடகைக் காரில் போனோம். போகும் வழியில் எனக்கு ஒரு யோசனை ஓடியது. பழைய கார் வாங்கி ஏமாந்த நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார்: துருப்பிடித்து ஓட்டை விழுந்த தகடுகளைப் பட்டி என்கிற பசையை அப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது, காந்தத்தை வைத்துப் பார், பட்டி உள்ள இடத்தில் ஒட்டாது. பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காந்தம் இருந்தது. கீரனூர்க்காரர் யாரோ, ஆனால் இன்றைக்கு அவர் யாரிடம் மாட்டப்போகிறார் என்று அவருக்குத் தெரியாது.

விற்பவர் என் வயதுக்காரர், தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. தோப்புக்குள் ஓலைக் கொட்டகையின் கீழே நின்ற வண்டியின் மேலிருந்து படுதாவை இழுத்தார்.

நான் குற்றம் கண்டுபிடிக்கத் தயாராகப் போனவன். ஆனாலும் அந்த முதல் பார்வையில் அசந்துபோனேன் என்பதை மறைப்பதற்கில்லை. சாம்பல் படிந்த பச்சை நிறம். உடம்பில் எங்கேயும் ஒரு வளைவு கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி. எஞ்சின் மூடியின் மேலேயே ஸ்டெப்னி படுத்திருந்தது. ஆணிகள் வெளியே தெரிந்தன. கதவின் கீல்கள் வெளியே தெரிந்தன. எதையும் மறைக்க அந்த வண்டிக்கு ஆசையே இல்லை. இந்தக் காலத்துக் கார்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி முகம் வைத்திருக்கும். இது சிரிக்கவில்லை. எங்கே போகணும், அதைச் சொல் என்று நின்றது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி, அதில் பாதிக்கு மேல் மலை எஸ்டேட்டில், என்றார் அவர்.

"எஞ்சின் மட்டும் பிற்பாடு மாத்துனதுங்க, நம்ம ஊரு டீசல் எஞ்சின். மத்ததெல்லாம் இங்கிலாந்துல இருந்து வந்தபடியே இருக்குதுங்க" என்று கேட்காமலே சொன்னார். தனக்கு முதுகு ஒத்துவரவில்லை, டாக்டர் இந்த வண்டியில் ஏறவே கூடாது என்றுவிட்டார், அதனால்தான் கொடுப்பதாகவும் சொன்னார்.

என் மனைவி உடனே ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள். உயரமான வண்டி. அவர் வீட்டிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். நானும் அவர் மனைவியும் பிடித்துக்கொள்ள, மூன்று முறை 'அய்யோ அப்பா' சொல்லி, இடதுபக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நெற்றி முழுக்க வியர்வை. "இனிமே வீடு போற வரைக்கும் எறங்க மாட்டேன். நீங்க பாக்கிறதப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த கம்பிகளையும் குமிழ்களையும் பற்றி விற்பவரிடம் விசாரிக்க ஆரம்பித்தாள். மஞ்சள் குமிழ் எதற்கு, சிவப்புக் குமிழ் எதற்கு, எப்போது இழுப்பது, எப்போது அமுக்குவது. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். அவரும் பொறுமையாக மூன்று தடவை சொன்னார். எனக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. எனக்கு வேறு வேலை இருந்தது.

வண்டியின் பின்பக்கம் போய், யாரும் பார்க்காதபடி காந்தத்தை எடுத்துப் பின் கதவில் வைத்தேன். ஒட்டவில்லை. சரி, அடி வாங்கிய இடமாக இருக்கும் என்று ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஒட்டவில்லை. பக்கவாட்டில் வைத்தேன். மூடியில் வைத்தேன். முன்சக்கரத்துக்கு மேலே வைத்தேன். கூரையில் எட்டி வைத்தேன். எங்கே வைத்தாலும் காந்தம் வழுக்கிக்கொண்டு உள்ளங்கையில் விழுந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நடக்க முடியாத ஒரு பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு இப்படி ஒரு மோசடியா?

"ஏங்க, இது வண்டியா, பட்டியா?" என்று கத்தினேன். "ஒரு சாண் தகடுகூட இல்லையே! முழு வண்டியையும் பசையிலயே செஞ்சு பெயின்ட் அடிச்சு வச்சிருக்கீங்க. திண்டுக்கல்காரன் ஏமாளின்னு நெனச்சீங்களா? இந்தா பாருங்க காந்தம்!"

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. மெதுவாக வந்து, என் கையைப் பிடித்து, விரல் கணுவால் கதவில் தட்டச் செய்தார். கணீரென்று கேட்டது. பசை அப்படிக் கேட்காது. பிறகு இருக்கைக்குக் கீழே பெயின்ட் தேய்ந்துபோன ஒரு மூலையைக் காட்டினார். உள்ளே வெள்ளி நிறம்.

"அலுமினியமுங்க" என்றார். "ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச காலத்துல அவிங்க ஊர்ல இரும்புத் தகட்டுக்குப் பஞ்சமாமுங்க. ஏரோப்ளேன் கட்டுன அலுமினியம் மீந்து கெடந்துச்சாம். அதுல ஆரம்பிச்சு அப்படியே பழகிட்டாங்க. துருவே புடிக்காதுங்க. காந்தம் எப்படிங்ணா ஒட்டும்?"

வண்டிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"முப்பது வருசமா ஒட்டாததுதான் அசல்னு ஊருக்கெல்லாம் சொன்ன ஆளு, இன்னைக்கு அசலப் பாத்து போலின்னு சண்ட போடுது. செத்த நேரம் சும்மா இருங்க, நான் இங்க முக்கியமான விசயம் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

விற்பவர் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். முதுகுவலியோடு குனிந்து வண்டிக்கு அடியைக் காட்டி, "இங்க வச்சுப் பாருங்க" என்றார். மண்ணில் மல்லாந்து படுத்து, அடிச்சட்டத்தில் காந்தத்தை வைத்தேன். டப்பென்று பிடித்த காந்தத்தை இரண்டு கையால் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துருவில்லாத கனமான இரும்பு. "எலும்பு இரும்பு, தோலு அலுமினியம்" என்றார் மேலே நின்றபடி. அந்த இடத்தில், முதுகெல்லாம் தென்னம் பாளைத் தூசியோடு, நான் அந்த வண்டியை வாங்க முடிவு செய்தேன். பந்தயத்தில் எதிர்க்கட்சிக்காரன் நான் என்பது அந்த நிமிடம் எனக்கு மறந்தே போயிருந்தது.

கிளம்பும்போதுதான் கவனித்தேன், கதவில் பூட்டு கிடையாது. தாழ்ப்பாள் மாதிரி ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். கேட்டதற்கு, "மலையில யாருங்க இதத் திருடுவா?" என்றார். பூட்டுக் கடைக்காரன் பூட்டே இல்லாத வண்டியை வாங்கியிருக்கிறான் என்ற செய்தி நான் வீடு போய்ச் சேரும் முன்பே கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். கிளம்பும் வரை வண்டிக்குள் போனும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

முக்காலியையும் அவர்கள் கொடுத்துவிட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குத் தோள் வலித்தது. ஒட்டன்சத்திரம் சாலையில் காய்கறி லாரிக்காரர்கள் முந்திப் போகும்போது கையைத் தூக்கிக் காட்டினார்கள். பேச்சு ஒன்றும் காதில் விழாத இரைச்சல். அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி, முன்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகுதான் மறுபடியும் சொன்னாள்.

"ஏறிரும்ல?"

இறங்கி முக்காலியை எடுத்துப் போட்டேன்.

பேர் மாற்றம், தகுதிச் சான்று என்று சில வாரங்கள் போயின. ஆடியும் கழிந்தது. நிலம் கேட்டவர் போன் செய்து, அக்காவின் காலைப் பற்றி விசாரித்துவிட்டு, பத்திரம் எழுதக் கொடுத்துவிடலாமா என்றார். ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றேன். அந்த வாரத்தில் ஒரு நாள் விடிந்ததும் கிளம்பினோம்.

ஓடைக்கரையில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் காத்திருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அக்கா, இந்த டப்பாவுலயா?" என்றார். "டப்பான்னு சொல்லாதய்யா, இது ஏரோப்ளேன் தகடு" என்றாள் அவள். மஞ்சள் குமிழை அமுக்கினேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க ஆரம்பித்தது ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடிய ஓடையைத் தாண்டி, எதிர்க்கரை மணலில் சாதாரண ஜீப்புகள் புதைகிற இடத்தைத் தாண்டி, வண்டி கல்பாதையில் கால் வைத்தது. அவர் முன்னால் நடந்து எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் என்று துண்டை ஆட்டிக் காட்டினார். முதல் ஒரு கிலோமீட்டர், நம்ப முடியாத சுலபம்.

அதற்குமேல் ஒரு வளைவு. அங்கே பாதைக்குக் குறுக்கே பாறை ஒன்று படி மாதிரிக் கிடக்கிறது, முழங்கால் உயரம். அதற்கு மேலே செங்குத்து. வேகமாக ஏற்றிவிடலாம் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். முன்சக்கரம் பாறையில் மோதி, எஞ்சின் திணறி நின்றது. வண்டி பின்னால் நழுவியது. பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்தேன். அவர் ஓடிவந்து பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். மறுபடி முயன்றேன். சக்கரம் கல்லைச் சிதறடித்ததே தவிர ஏறவில்லை. கிளச் கருகுகிற வாடை வந்தது. இடதுபக்கம் பள்ளம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. நிம்மதி. அப்பாடா, முடிந்தது, இனி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்கிற நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

"போதும்மா" என்றேன். "வண்டியும் தன்னால ஆனதப் பாத்துருச்சு. இதுக்கு மேல வழி இல்ல."

அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவுக்கு அப்பால், மரங்களுக்கு நடுவில், தோட்டத்து அறையின் ஓட்டுக் கூரை ஒரு முனை மட்டும் தெரிந்தது. அழப்போகிறாள் என்று இரண்டாவது தடவையாகத் தப்பாக நினைத்தேன்.

"அந்தச் செவப்புக் குமிழ ஏன் இன்னும் தொடவே இல்ல?" என்றாள்.

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். நிஜமாகவே மறந்தேனா, மறக்க விரும்பினேனா என்று எனக்கே தெரியாது. அவள் அதைக் கிளறவில்லை.

"கிளச்ச முழுசா மிதிங்க. செவப்பப் பின்னால இழுங்க, அதுதான் மலையேறுற மெதுவான கியரு. இன்னும் இழுங்க, விழுகுற சத்தம் கேக்கணும். ஆங். இப்ப மொத கியரு. மெதுவா கிளச்ச விட்டுட்டு, காலத் தூக்கி ஓரமா வச்சிருங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அதுவா போகும்னு அவரு சொன்னாரு."

கிளச்சை விட்டேன்.

அதன்பிறகு நடந்ததை எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்குத் திருப்தியாகச் சொல்ல வரவில்லை. வண்டி பாயவில்லை, உறுமவில்லை. நிறைமாசக்காரி படியேறுவது மாதிரி, ஒவ்வொரு அடியாக, எடை பார்த்து, வைத்து, தூக்கி ஏறியது. முன்சக்கரம் பாறையின் விளிம்பைத் தொட்டது, ஒரு விநாடி யோசித்தது, பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. கண்ணாடியில் மலை மறைந்து ஆகாயம் மட்டும் தெரிந்தது. என் கால் இரண்டும் சும்மா இருந்தன. நான் ஓட்டவில்லை. யாரோ தூக்கிக்கொண்டு போவதில் நான் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். வண்டியைவிட வேகமாக நடந்துவிடக் கூடாதென்று நின்று நின்று நடந்தார். பின்சக்கரங்களும் பாறையைத் தாண்டி, வண்டி சமநிலைக்கு வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடல் தாண்டி, எவனோ என்றைக்கோ அடித்த தகடு, எங்கள் ஊர்க் கல்லுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது மாதிரி ஏறுகிறதே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் கை இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

அவள் மட்டும் ஆச்சரியப்படவில்லை. "அந்தக் கல்லுக்கு வலப்பக்கமா" என்று வழி சொல்லிக்கொண்டு வந்தாள்.

தோட்டத்தில் வண்டி நின்றது. முக்காலி போட்டு, நாங்கள் இருவரும் பிடித்து இறக்கினோம். எங்கள் கையை விலக்கிவிட்டு, ஊன்றுகோலோடு தானாக நின்றாள். எலுமிச்சைப் பூ வாசம் அடித்தது. பக்கத்து மரத்தின் இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். கீழே கிடந்த பழங்களை ஊன்றுகோலால் புரட்டிப் பார்த்தாள். ஒரு மரத்துக்குப் பேச்சு, இன்னொரு மரத்துக்குத் திட்டு என்று போய்க்கொண்டே அறை வாசலுக்கு வந்து சேர அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது.

அறைக் கதவில் என் பூட்டு தொங்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த பூட்டு எப்படி இருக்கும் என்று திண்டுக்கல்லில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. பித்தளை துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுகிவிடும். சாவித் துளையில் குளவி மண் வைத்து அடைத்துவிடும். சுத்தியல் எடுத்துவராமல் போனோமே என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கைப்பையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள். இந்த நேரத்தில் என்ன மாத்திரை என்று பார்த்தேன். மாத்திரைகளுக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தாள். காலையும் மாலையும் என் கண்முன்னே திறந்து மூடுகிற டப்பா அது. இரண்டு வருடம்.

வீங்கிய விரலால் சாவியைத் துளைக்குள் விட்டாள். ஒரே திருப்பு. சத்தம்கூட வரவில்லை. பூட்டு வாயைத் திறந்து அவள் கையில் விழுந்தது. என் கடையில் இன்றைக்கு வந்த புதுப் பூட்டுகூட அவ்வளவு வழுவழுப்பாகத் திறக்காது. நான் அதை வாங்கிப் பார்த்தேன். துளையோரத்தில் தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது.

"அமாவாசைக்கு அமாவாசை எண்ணெய் விடச் சொல்லி அக்கா போன் பண்ணிரும்ல" என்றார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர். "ஒரு மாசம் மறந்துட்டேன். என்ன திட்டு திட்டுச்சு தெரியுமாண்ணே?"

நான் விற்பதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே, நடக்க முடியாமல் போன முதல் மாதத்திலிருந்தே, அவள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. கையில் பூட்டோடு அப்படியே நின்றேன். அந்தப் பாறையில் வண்டி ஏறியபோது வந்த சிலிர்ப்பு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உள்ளே அவள் தன் பழைய ரப்பர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். என் பையில் போன் அடித்தது. நிலம் கேட்டவர். வழக்கம்போல அக்காவின் காலைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"கால் அப்படியேதாங்க இருக்கு" என்றேன். "நெலம் விக்கிறதுக்கு இல்லீங்க. மன்னிச்சுக்கங்க."

அவர் வருத்தமாகக் கேட்டார். "ஏங்க, அக்கா மனசு மாறிட்டாங்களா?"

"இல்லீங்க" என்றேன். "அவ மாறவே இல்ல."